கைப்பிடி

மே 2
குளியலறையில் அப்பா பிடித்து எழ ஸ்டீல் கைப்பிடி வாங்கியாகிவிட்டது. லாங் பஜார் கடைக்காரர் திருகாணிகளையும் பிளாஸ்டிக் பிளக்குகளையும் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "அரை மணி நேர வேலை சார்" என்றார்.

மே 3
டைல்ஸைத் துளைக்கும் வரை ஒரு தொல்லையும் இல்லை. கீறல்கூட விழவில்லை. சுவர் அதற்குப் பின்னால்தான் ஆரம்பிக்கிறது. டிரில் தானாகவே உள்ளே இறங்கியது. வந்து கொட்டியதெல்லாம் செங்கல் மாவும் சுண்ணாம்பும். பிளக்கைச் செருகினால் திருகாணியோடு சேர்ந்து அதுவும் சுற்றுகிறது. விரலால் இழுத்தாலே கையோடு வருகிறது.

தாத்தா கட்டிய சுவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துக் கட்டியது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வார். ஆணி அடித்தால் ஆணிதான் வளையுமாம். மேல்பூச்சைப் பொறுத்தவரை உண்மைதான். மாலை ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மே 4
கத்திரி தொடங்கிவிட்டது. டிரில்லைத் தொடவில்லை.

மே 5
தூக்கம் வரவில்லை. துண்டு மாட்டும் கம்பி என்றால் இந்தப் பிளக்கே போதும். இது அப்பா பிடித்து எழப்போவது. எழுகிற அந்த நொடியில் உடம்பின் பாரம் முழுக்க ஒரு கையில் இறங்கும். கழன்று வருகிற கைப்பிடி, கைப்பிடியே இல்லாததைவிட மோசம். இல்லையென்றால் யாரையாவது கூப்பிடுவார். இருந்தால் நம்பிவிடுவார்.

மே 6
மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். ஓட்டையைப் பெரிதாக்கிச் சிமெண்ட் கலவையில் கம்பியைப் பதிக்கலாம். ஆனால் ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும், முழு பலத்துக்கு 28 நாள் கணக்கு. மருத்துவரோ 12 அல்லது 13-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்.

இன்னொரு வழி, சுவரின் மறுபக்கம் வரை துளைத்து, மரை வெட்டிய கம்பியை விட்டு, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்குவது. பாரம் தகட்டின் பரப்பு முழுவதும் பரவும், செங்கல் பொடிந்தாலும் பிடி விடாது.

மறுபக்கம் பூஜை அறை. சரியாக அந்த இடத்தில்தான் அம்மாவின் படம்.

மே 7
அப்பா இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கேட்கிறார். ஆஸ்பத்திரிச் சாம்பாரில் மிதப்பது கத்திரிக்காயே இல்லையாம். வாய்க்கு ருசி கேட்கிறதே, அது போதும்.

மே 8
லேத் பட்டறையில் அரை நாள். 8 மில்லிமீட்டர் கம்பி, நான்கு அங்குலச் சதுரத்தில் தகடுகள். கைப்பிடியின் ஓட்டைகளையும் அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டியிருந்தது. சுவரின் கனம் 18 அங்குலம். அவ்வளவு நீள டிரில் பிட் வாடகைக்குக் கிடைத்தது.

மே 9
படத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். அவள் அதை வைக்க இடம் தேடி வீடெல்லாம் சுற்றினாள். பூஜை அறையில் குங்குமச் சிமிழ் வரைக்கும் செங்கல் தூள். தகட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறாள். படம் மறைத்துக்கொள்ளும் என்றேன்.

என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஆனால் கீழ்நட்டை முடுக்கும்போது ஒரு டைல் டொக்கென்றது. விரிசல் தெரியவில்லை, தட்டினால்தான் வெற்றுச் சத்தம். இறுக்கவும் பயம், தளர்த்தவும் பயம்.

மே 10
போன் வந்தது. இன்றே அழைத்துப் போகலாமாம். கார் சீட்டின் மேல் போட அக்கா கெட்டியான தலையணை தேடுகிறாள், தாழ்வாக உட்காரக் கூடாதே. நட்டுகளை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"காலையில்தானே பார்த்தாய்" என்கிறாள்.