ஆட்டம் இல்லாத ஸ்பேனர்

மதுரை சிம்மக்கல்லில் ஒரு ஹார்டுவேர் கடையில் இன்று மாலை, பளபளத்த ஸ்பேனர் செட்டை ஒதுக்கிவிட்டு, 13 மி.மீ. ஸ்பேனர் ஒன்றைத் தனியே எடுத்த பெரியவர், தாம் கொண்டுவந்திருந்த போல்டின் தலையில் அதை மாட்டி இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

ஆட்டம் இல்லை.

"இதையே குடுங்க தம்பி" என்றார்.

முலாம் எந்தக் கடைச்சரக்கிலும் மின்னும். பார்க்க வேண்டியது வாயின் அளவைத்தான். அது சற்றே விரிந்தாலும் நட்டின் முனைகள் மழுங்கி, பிறகு எதற்கும் பிடி கொடுக்காது. குரோம் வனேடியம் எஃகை அடித்து உருவாக்கிய ஸ்பேனரின் வாய் அவ்வளவு எளிதில் விரிவதில்லை.

துருவேறி இறுகிய நட்டுக்கு, இரண்டு பக்கங்களை மட்டும் பற்றும் திறந்த வாயைவிட, சுற்றிலும் தழுவிப் பிடிக்கும் ரிங் ஸ்பேனரே மேல்.

வீட்டுக்குப் பெரிய செட் எதற்கு? (பாதி பெட்டியிலேயே தூங்கும்.) 8, 10, 13, 17 என்ற அளவுகளில் நல்ல காம்பினேஷன் ஸ்பேனர்களை (ஒரு முனையில் திறந்த வாய், மறுமுனையில் ரிங்) முதலில் வாங்கலாம், மற்றவற்றைத் தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளலாம்.