வாடை எந்தப் பக்கம் அடிக்கிறது: தனியாகப் போகிறவரின் டிசம்பர், ஜனவரி கணக்கு

நவம்பரில் சென்னையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் தாய்லாந்தின் சமுய் தீவையும் வியட்நாமின் ஹோய் ஆன் நகரையும் நனைக்கிறது. கடலைக் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கிழக்கு பார்த்த கரைகளில் கொட்டிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் அதே நாளில் வெயில் காயும். அதனால் குளிர்கால விடுமுறைக்கு ஊர் தேடும்போது நாட்டின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஊர் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள்.

தனியாகப் போகிறவருக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். நாலு பேராகப் போனால், மழை பிடித்துக்கொண்டாலும் ஒரு கார் பிடித்துப் பணத்தைப் பங்குபோட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடலாம். தனி ஆளுக்கு அந்தக் கார் வாடகை முழுதும் அவர் தலையில்தான். படகு, வழிகாட்டி, அறை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

டிசம்பரில் ஒதுக்க வேண்டிய கரைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்பை. மலேசியாவில் பெர்ஹெந்தியன், ரெடாங், தியோமன்: இங்கே கடல் கொந்தளிப்பால் பெரும்பாலான விடுதிகளையே மூடிவிடுவார்கள். தாய்லாந்தில் வளைகுடாப் பக்கத் தீவுகளான சமுய், பங்கான். வியட்நாமில் ஹுவே, டா நாங், ஹோய் ஆன். 2025 அக்டோபர் கடைசியில் ஹுவேயும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் கிடந்தன. அதே ஆண்டு நவம்பரில் தெற்குத் தாய்லாந்தின் ஹாட்யாய் மூழ்கியது. மாதக் கடைசியில் திட்வா புயல் இலங்கை மலைநாட்டில் பெரும் நிலச்சரிவுகளை உண்டாக்கியது. நவம்பரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இந்தப் பக்கங்களில் அறை எடுக்காதீர்கள். விலை இறங்கியிருப்பதற்குக் காரணமே இந்த மழைதான்.

இதே நாடுகளில் முதுகு காட்டி நிற்கும் பக்கம் அப்போது அருமையாக இருக்கும். இலங்கையில் காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ, மலேசியாவில் லங்காவி, தாய்லாந்தில் கிராபி, புக்கெட். பாலித் தீவின் கணக்கு வேறு. அங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம், எந்தக் கரையானாலும் பெரிதாகத் தப்பிக்க முடியாது.

வியட்நாமைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தத் தவறு அதிகம் நடப்பது அங்கேதான். ஒரே பயணத்தில் ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை என்று திட்டம் போடுகிறார்கள். ரயில் பாதையிலேயே 1,726 கிலோமீட்டர் தூரம். நடுவில் ஹாய் வான் கணவாய் உள்ள மலைத்தொடர் காற்றுக்குக் குறுக்கே சுவர் மாதிரி நிற்கிறது. டிசம்பரில் வடக்கே குளிர், நடுவில் மழை, தெற்கே வெயில். மூன்று பருவத்துக்கும் ஒரே பையில் துணி எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

ஹனோய் ஜனவரியில் 15 டிகிரி என்றால் ஊட்டி மாதிரிதானே என்று தோன்றும். அப்படி இல்லை. வானம் நாள் கணக்கில் சாம்பல் நிறத்தில் இருக்கும், ஈரம் காற்றிலேயே தங்கியிருக்கும், வீடுகளில் கணப்பு கிடையாது. வெளியே 15 என்றால் உள்ளேயும் கிட்டத்தட்ட அதுதான். மெத்தை விரிப்பைத் தொட்டால் சில்லென்று இருக்கும்; இரவில் துவைத்துப் போட்ட பருத்திச் சட்டை மறுநாள் மாலையிலும் காயாது. அறையில் இருக்கும் ஏசி பெரும்பாலும் குளிர் மட்டுமே தரும். ஆகவே முன்பதிவுக்கு முன் விடுதிக்காரருக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள்: ஏசி சூடும் தருமா? அங்கே இதை ‘இருவழி ஏசி’ என்று பொருள்படும் பெயரில்தான் சொல்கிறார்கள். இல்லை என்றால் வேறு அறை பாருங்கள். துணியில் பருத்தியைக் குறைத்து, சீக்கிரம் காயும் உள்ளுடுப்பு இரண்டு செட் வைத்துக்கொண்டால் போதும்.

வடக்கே உள்ள மலை ஊரான சாப்பாவின் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். மலைச்சரிவில் படிப்படியாகப் பொன்னிற வயல் தெரியும் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் போகிறார்கள். அது செப்டம்பர் மாத அறுவடைக்கு முன்னால் எடுத்த படம். ஜனவரியில் வயல் வெறும் சேறாகக் கிடக்கும், அதையும் பல நாள் மூடுபனி மறைத்துவிடும். குளிர்காலத்தில் வியட்நாம் என்றால் என் தேர்வு தெற்குதான்: ஹோ சி மின் நகரம், மேக்கோங் ஆற்றுப் படுகை, பு குவோக் தீவு. பத்து நாள் தாராளமாகப் போகும்.

தேதியில் இன்னொரு பொறி இருக்கிறது, டெட் என்னும் சந்திரப் புத்தாண்டு. 2027-இல் அது பிப்ரவரி 6. அதற்கு முந்தைய வாரம் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும், ரயிலில் இடம் கிடைக்காது. பண்டிகை நாட்களில் சிறு கடைகள் பூட்டியிருக்கும். தனியாகப் போய் மூடிய கதவுகளுக்கு முன் நிற்பது மனசை ரொம்பவே சோர்வாக்கும். ஒன்று, ஜனவரி நடுவுக்குள் திரும்பி வந்துவிடுங்கள்; இல்லையென்றால் பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள்.

முதல் முறை தனியாகப் போகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது வடக்குத் தாய்லாந்து, டிசம்பர் இரண்டாம் வாரம். சியாங் மாயில் பகலில் இதமான வெயில், காலையில் ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும். 2,565 மீட்டர் உயரமுள்ள டோய் இந்தனோன் மலையில் விடியற்காலையில் சில நாள் உறைபனிகூடக் காணலாம். தனி ஆளாக வருபவர்களுக்காக அமைந்த ஊர் அது. ஒருவருக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் சிவப்பு நிற ஷேர் வண்டிகள் ஊர் முழுக்க ஓடுகின்றன. பிப்ரவரி பாதிக்கு மேல் மட்டும் போகாதீர்கள். வயலிலும் காட்டிலும் வைக்கும் தீயின் புகை ஏப்ரல் வரை பள்ளத்தாக்கை விட்டு அகலாது. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு 751 கிலோமீட்டர், இரவு ரயிலே சிறந்த வழி. இங்கே மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, தொலைதூர ரயில்கள் 2023 ஜனவரியிலிருந்து குருங் தெப் அபிவாட் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு ஹுவா லம்போங் நிலையத்துக்குப் போனால் ரயிலை விட்டுவிடுவீர்கள். இரண்டாவது, முதல் வகுப்பு என்பது இருவர் அறை. தனியாகப் பதிவு செய்தால் முகம் தெரியாத ஒருவரோடு பூட்டிய அறையில் இரவைக் கழிக்க வேண்டியிருக்கும். இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கையில் ஒவ்வொரு படுக்கைக்கும் திரை உண்டு, நடைபாதையில் ஆள் நடமாட்டம் உண்டு, தனி ஆளுக்கு அதுதான் சரி. 9, 10 எண் ரயில்களில் பெண்களுக்கென்று தனிப் பெட்டியும் இருக்கிறது. மூன்றாவது, கீழ்ப் படுக்கைக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுங்கள். அது அகலமானது, ஜன்னலும் அதற்குத்தான். மேலே விளக்கு வெளிச்சம் முகத்தில் அடிக்கும். டிசம்பர் 28-க்குப் பிறகு தாய்லாந்து மக்களே வடக்கே புத்தாண்டுக்குக் கிளம்புவார்கள், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

பனி பார்க்க ஆசை என்றால் ஜப்பானின் சப்போரோ. டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை பல கடைகளும் அருங்காட்சியகங்களும் மூடிவிடும், டிசம்பரில் மாலை நாலு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். தனியாக இருப்பவருக்கு அந்த நீண்ட இரவு பெரிய விஷயம். பிப்ரவரி தொடக்கத்தில் பனித் திருவிழா சமயம் போவது நல்லது, அறையை மட்டும் பல மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனிவா உடன்படிக்கையின்படி அமைந்தது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின்படி அமைந்ததை. ஆகவே நம் அனுமதி அங்கே செல்லாது. கடைக்காரர் எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார், சிக்கல் விபத்துக்குப் பிறகுதான் வரும். செல்லத்தக்க உரிமம் இல்லாமல் ஓட்டினால் பயணக் காப்பீடு பணம் தராது. தாய்லாந்தில் நம் அனுமதி செல்லும், ஆனால் அதில் இருசக்கர வாகனப் பிரிவில் முத்திரை இருக்க வேண்டும். கார் உரிமம் மட்டும் வைத்திருப்பவருக்கு அது இருக்காது.

தமிழர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். விமான நிறுவனத்தின் இணையதளமோ அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது. சிலர் சொந்தப் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் வேறு முறை சொல்வார்கள். அந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். இன்ஷியலைப் புள்ளி வைத்து எழுதவே கூடாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருந்தால், டிக்கெட்டிலும் விசாவிலும் அப்படியே முழுதாக இருக்க வேண்டும். வியட்நாம் மின் விசாவில் ஓர் எழுத்து மாறினாலும் விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள். திருத்த வேண்டுமென்றால் புதிதாக விண்ணப்பித்து மறுபடி பணம் கட்ட வேண்டியதுதான். ஒருமுறை நுழைவுக்குக் கட்டணம் 25 டாலர். அதற்கு மேல் கேட்கிற தளம் இடைத்தரகருடையது.

தாய்லாந்துக்கு 2025 மே 1 முதல் மின் வருகை அட்டை கட்டாயம். இலவசம்தான், ஊர் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். முதல் இரவு தங்கும் முகவரியைக் கேட்பார்கள் என்பதால் அந்த அறையை முதலில் உறுதி செய்யுங்கள். சென்னையிலிருந்து போகும் விமானங்கள் பல விடியற்காலையில் இறங்குகின்றன, அறையோ பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். பையை வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்களா என்று அப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.