ஒக்கி டைரி

டிசம்பர் 1, 2017, வெள்ளி
நேத்து குமரில ஒக்கி புயல் அடிச்சதுலேர்ந்து கரண்ட் இல்ல, டவரும் போச்சு. தென்னையும் வாழையும் ரப்பரும் சாஞ்சு கெடக்கு, மார்த்தாண்டம் பக்கம் போற ரோடு பூரா மரம்தான். அண்ணனுக்க மீன்பிடி போட்டு கொச்சி தோப்பும்படியிலேர்ந்து சுறா தூண்டிலுக்குப் போனது. புயல்னு இங்க சொல்லும்போது அவங்கெல்லாம் எப்பவோ ஆழ்கடல் போயாச்சு, அவ்ளோ தூரத்துக்கு வயர்லெஸ்ஸும் எடுக்காது. அம்மை ஜெபமாலைய எடுத்துட்டு முற்றத்துல உக்காந்துட்டாங்க. நான் கோயிலுக்குப் போறத விட்டு வருசங்கள் ஆச்சு, ஆனா இன்னிக்கு எங்க போய் உக்காரன்னு தெரியல, பக்கத்துல போய் உக்காந்தேன். வாய் தானா "அருள் நிறைந்த மரியே"ன்னு சொல்லுது.

டிசம்பர் 3, ஞாயிறு
கிறிஸ்மஸுக்கு முன்னாடி வர்ற திருவருகைக் காலம், அதோட முதல் ஞாயிறு. ஒவ்வொரு வருசமும் காத்திருக்கறதப் பத்தி பிரசங்கம் வைப்பாங்க, இன்னிக்கு ஃபாதர் பிரசங்கமே வைக்கல, காணாமப் போனவங்க பேரை மட்டும் வாசிச்சாரு. வாசிக்க வாசிக்க பெண்கள் பக்கத்துலேர்ந்து ஒவ்வொரு குரலா உடையுது. வெளிய வந்தப்போ ஒருத்தர் "ஆண்டவர் சோதிக்கிறாரு மக்கா"ன்னாரு. அடிக்கணும் போல இருந்துச்சு. யாரைச் சோதிக்க, எதுக்கு?

டிசம்பர் 7
குழித்துறை ரயில்வே ஸ்டேஷன். நீரோடி, வல்லவிளை, சின்னத்துறை, பூத்துறைன்னு எல்லா ஊரும் தண்டவாளத்துல. முதலமைச்சர் நேர்ல வரணும், ஆழ்கடல்ல போய்த் தேடணும், அவ்ளோதான் கேக்கறோம். கோயில் அச்சன்மாரும் எங்ககூடவே தரையில. இருட்டினப்புறம் ஒரு பாட்டி ஜெபமாலை ஆரம்பிச்சாங்க, அதுவரைக்கும் கோஷம் போட்டுட்டிருந்த பசங்களும் சேந்துட்டாங்க. கோஷமும் ஜெபமும் மாறி மாறி, எது எதுன்னு பிரிக்க முடியல, பிரிக்கணும்னும் தோணல.

டிசம்பர் 11
நேத்து ரோமுல மூவேளை ஜெபத்தப்போ போப் ஆண்டவர் இந்த மீனவக் குடும்பங்களுக்காக வேண்டிக்கிட்டாராம். அம்மைக்கு அதுல பெரிய ஆறுதல். மதினி கேட்டா, "அவரு ஹெலிகாப்டர் அனுப்புவாரா?"

டிசம்பர் 15, வெள்ளி
சிஸ்டர் ஒருத்தங்க வீட்டுக்கு வந்தாங்க. அண்ணன் வந்துருவாருன்னும் சொல்லல, கடவுளோட சித்தம்னும் சொல்லல. மதினி கோவமா ஏதேதோ கத்தினா, அவங்க கேட்டுட்டே இருந்தாங்க. கடைசில பையிலேர்ந்து பைபிளை எடுத்து 88ஆம் திருப்பாடலை வாசிச்சாங்க. உன் அலையெல்லாம் என்மேல வந்து மோதுது, செத்தவங்களா எந்திச்சு உன்னைப் புகழப்போறாங்கன்னு கடவுள்ட்டயே சண்டை போடற பாட்டு அது. மத்த புலம்பல் பாட்டு பெரும்பாலும் கடைசில எப்படியாச்சும் ஒரு நம்பிக்கைக்குத் திரும்பிரும், இது இருட்டுலயே முடிஞ்சிரும். சிஸ்டர்மாரும் சாமியார்மாரும் வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்கப்போற முன்னாடி சொல்றது இதத்தானாம். எனக்கு இது தெரியவே தெரியாது. இப்படிக் கத்தறதயும் ஜெபம்னு வச்சிருக்காங்கன்னா இங்க நானும் உக்காரலாம்னு பட்டுச்சு, இத்தன வருசத்துல முதல்தடவையா.

டிசம்பர் 20
கோயில் ஆபீஸ்ல பூசைக் கருத்து, அதாவது யாருக்காகப் பூசைன்னு, எழுதற நோட்டு. உபதேசியார் பேனாவ வச்சுக்கிட்டு, "ஆன்ம இளைப்பாற்றின்னு போடவா?" ரொம்ப மெதுவாத்தான் கேட்டாரு. செத்தவங்களுக்காக வேண்டறப்போ போடற வார்த்தை அது. மதினி நோட்டை இழுத்து மூடிட்டா. உடல் வரல, சேதி வரல, அதுக்குள்ள எப்படி அந்த வார்த்தைய எழுத விடுவா? ஃபாதர் உள்ளேர்ந்து வந்து நோட்டைத் திறந்து அவரே எழுதினாரு: "கடலில் இருப்பவருக்காக." உயிரோட இருந்தாலும் இல்லாட்டியும் அது பொருந்தும். அந்தப் பக்கத்துல கீழ வரிசையா அதே வரிதான் இப்போ.

டிசம்பர் 25
ஸ்டார் இல்ல, கேக் இல்ல, வெடி இல்ல. குடில் மட்டும் சின்னதா வச்சாங்க, மாட்டுக்கொட்டகைக்குப் பதிலா உடைஞ்ச வள்ளத்துல. பசங்க யோசனையாம். மாதா, சூசையப்பர் சிலை ரெண்டும் பலகைமேல கொஞ்சம் சாஞ்சே நின்னுது. இவங்களுக்கும் போக்கிடம் இல்லாமத்தான இருந்துதுன்னு அம்மை சொன்னாங்க.

டிசம்பர் 31
டிஎன்ஏக்கு ரத்தம் குடுத்தாச்சு, அம்மையும் நானும். கேரளா ஆஸ்பத்திரிகள்ல அடையாளம் தெரியாத உடல்கள் இருக்கு, ஒத்துப்போச்சுன்னா கூப்பிடுவாங்க. போன் அடிச்சா எடுக்கப் பயம், அடிக்கலைன்னாலும் பயம். ராத்திரி வருசக் கடைசி நன்றி வழிபாடு. மதினி வரமாட்டான்னுதான் நெனச்சேன், பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல ரெடியா நிக்கா. நன்றி சொல்லவா போறன்னு கேட்டேன். "திட்டத்தான். வேற யாருட்ட போய்த் திட்ட? நீயும் வா."