எப்போ கூப்பிடக் கூடாதுன்னும் எழுதுங்க

ஏஜென்ட் (தானே டூல்களைக் கூப்பிட்டு வேலையை முடிக்கிற ஏஐ) தப்பான டூலை, அதாவது நாம அதுக்குக் குடுத்த ஃபங்ஷன்கள்ல தப்பானதை, கூப்பிட்டா எல்லாரும் முதல்ல உள்ள இருக்கற ஏஐ மாடலைத்தான் திட்டுறாங்க, வேற மாடலுக்கு மாறலாமா, சிஸ்டம் பிராம்ப்ட்ல (மாடலுக்கு முன்கூட்டியே குடுக்கற பொதுவான உத்தரவு) இன்னும் நாலு வரி சேக்கலாமான்னு ஆரம்பிச்சிடுவாங்க. நான் நேரா டூல் டிஸ்கிரிப்ஷனைத்தான், அதாவது அந்த டூல் எதுக்குன்னு மாடலுக்கு எழுதி வெச்ச விளக்கத்தைத்தான், திறந்து பாப்பேன். முக்கால்வாசி நேரம் அங்க ஒத்தை வரிதான் இருக்கும், "கஸ்டமர் டேட்டாவை எடுக்கும்"னு.

மாடல் உங்க கோடை பாக்குறதில்ல. டூலோட பேரு, டிஸ்கிரிப்ஷன், பாராமீட்டரை (டூலுக்குக் குடுக்க வேண்டிய மதிப்புகளை) சொல்ற ஜேசான் ஸ்கீமாங்கற பட்டியல், இதெல்லாம் பிராம்ப்ட்டோட சேந்து வெறும் டெக்ஸ்டா உள்ள போகுது, அவ்ளோதான். 2023 ஜூன்ல மாடல் டூலைக் கூப்பிடற வசதியான ஃபங்ஷன் காலிங்கை ஓபன்ஏஐ விட்டப்பவும் இதே கதைதான், 2024 நவம்பர்ல டூல்களை ஏஐயோட இணைக்கற பொது முறையான எம்சிபியை ஆந்த்ரோபிக் விட்டதுக்கு அப்புறமும் இதேதான். "அந்த ஏபிஐ கேன்சல் ஆன ஆர்டரை காட்டாதுப்பா"ன்னு டீம்ல எல்லாருக்கும் வாய்வழியா தெரிஞ்ச விஷயம் இருக்கும் பாருங்க, அது எழுத்துல இல்லைன்னா மாடலைப் பொறுத்தவரை அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். சர்ச் கஸ்டமர், கெட் கஸ்டமர்னு ரெண்டு டூல். முதலாவதுக்கு "கஸ்டமரைத் தேடும்", ரெண்டாவதுக்கு "கஸ்டமர் விவரங்களை எடுக்கும்". யூசர் ஒரு பேரைச் சொல்லி இவரோட கடைசி ஆர்டர் என்னாச்சுன்னு கேக்குறார். விவரம்தானே வேணும்னு மாடல் கெட் கஸ்டமரை கூப்பிட்டு ஐடி இருக்க வேண்டிய இடத்துல பேரைத் தூக்கிப் போடுது, காலியா ஒரு பதில் வருது, உடனே "அப்படி ஒரு கஸ்டமரே இல்லை"ன்னு யூசர்கிட்ட அடிச்சு சொல்லிடுது. அந்த ரெண்டு வரியை மட்டும் கையில குடுத்தா நமக்கும் எதை எடுக்குறதுன்னு தெரியாதுதான்.

கெட் கஸ்டமருக்கு நான் எழுதினா இப்படி எழுதுவேன்: "கஸ்டமர் ஐடி கையில் இருக்கும்போது மட்டும் இதைக் கூப்பிடவும். பெயரோ ஃபோன் நம்பரோ மட்டும் தெரிந்தால் முதலில் சர்ச் கஸ்டமரைக் கூப்பிட்டு ஐடியை எடுக்கவும். பெயர், முகவரி, கணக்கின் நிலை திரும்ப வரும். ஆர்டர் விவரம் இதில் வராது, அதற்கு லிஸ்ட் ஆர்டர்ஸ் டூல். மூடப்பட்ட கணக்குகளும் இதில் வரும்."

இதுல என்னைக் கேட்டா பெரிய வேலை செய்யறது "ஆர்டர் விவரம் இதில் வராது"ங்கற வரிதான். டூல் என்ன செய்யும்னு எல்லாரும் எழுதிடறோம், எங்க நிக்கும்னு எழுத மாட்டேங்கறோம். பக்கத்துல அதே மாதிரி இன்னொரு டூல் இருக்கறப்போ மாடல் தடுமாறுறதே அந்த எல்லைக்கோட்டுலதான், அதனால ஒவ்வொரு டூலையும் தனியா எழுதாம ஜோடி ஜோடியா பக்கத்துல வெச்சு எழுதணும்.

பாராமீட்டர்லயும் இதே கூத்துதான். "டேட்"னு பேரு, டைப் ஸ்ட்ரிங் (வெறும் எழுத்து), முடிஞ்சது. 03/04/2025 வந்தா அது மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ? ஐஎஸ்ஓ 8601 ஃபார்மட் (வருஷம்-மாசம்-தேதி), உதாரணம் 2025-04-03, டைம்சோன் யூடிசின்னு ஒரு வரி போட்டா தீந்துடும். நாலஞ்சு மதிப்புதான் வரும்னா எனம் (இந்த மதிப்புங்கதான் வரலாம்னு ஒரு பட்டியல்) வெச்சிடுங்க, "பெண்டிங், ஷிப்டு இந்த மாதிரி ஏதாவது"ன்னு வசனம் எழுதாதீங்க.

சில விஷயத்துக்கு டிஸ்கிரிப்ஷன்ல கெஞ்சறதை விட டூலையே மாத்திடறது நல்லது. ஆந்த்ரோபிக் ஆளுங்க எஸ்டபிள்யூஇ-பெஞ்சுக்கு (நிஜ கோடிங் பிரச்சனைகளைத் தீக்கச் சொல்ற ஏஐ தேர்வு) ஏஜென்ட் பண்ணப்போ மொத்த பிராம்ப்ட்டை விட டூலுக்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணோம்னு 2024 டிசம்பர்ல எழுதியிருந்தாங்க. ஏஜென்ட் ரூட் ஃபோல்டரை விட்டு வெளிய போனப்புறம் ரிலேட்டிவ் பாத் (இப்போ நிக்கற ஃபோல்டர்ல இருந்து மட்டும் சொல்ற ஃபைல் முகவரி) குடுத்து சொதப்பிட்டு இருந்துச்சாம், எப்பவும் முழு பாத்தான் குடுக்கணும்னு டூலை மாத்தினதும் பிரச்சனையே போயிடுச்சாம்.

எரர் மெசேஜும் டிஸ்கிரிப்ஷனோட மிச்சப் பாதின்னுதான் சொல்லுவேன். "400 பேட் ரிக்வெஸ்ட்"னு மட்டும் திரும்பினா மாடல் அதே தப்பை திரும்பத் திரும்ப பண்ணும். "இது ஐடி மாதிரி இல்லை, பெயர் என்றால் சர்ச் கஸ்டமரைக் கூப்பிடவும்"னு திரும்பினா அடுத்த தடவையே பெரும்பாலும் சரியா வந்துடும்.

இன்னொரு வியாதி, எல்லா டூல்லயும் "மிக முக்கியம்!!", "கண்டிப்பாக!!"ன்னு போடறது. எல்லாமே முக்கியம்னா எதுவுமே முக்கியம் இல்லைன்னு ஆயிடும். டோக்கன் (மாடல் படிக்கற டெக்ஸ்ட் துண்டு) செலவாகுதேன்னு டிஸ்கிரிப்ஷனை வெட்டறவங்களும் இருக்காங்க, செலவாகறது உண்மைதான், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் அந்த டெக்ஸ்ட் போகுது. ஆனா வெட்டறதா இருந்தா யாருமே கூப்பிடாத டூலை வெட்டுங்க, கூப்பிடற டூலோட விளக்கத்தை இல்ல.

சரி, எழுதினது நல்லா இருக்கான்னு எப்படி பாக்கறது? நிஜ யூசருங்க கேட்ட கேள்விகள்ல கொஞ்சத்தை எடுத்து ஏஜென்ட்ல ஓட்டுங்க, கடைசி பதிலை விட்டுட்டு டிரேஸை (ஏஜென்ட் படிப்படியா செஞ்சதோட பதிவை) படிங்க, எந்த டூலை எடுத்துச்சு, என்ன மதிப்பு போட்டுச்சுன்னு. எந்த டூலும் தேவைப்படாத கேள்வியும் நாலஞ்சு சேத்துக்கோங்க, தேவையில்லாம கூப்பிடுதான்னு அதுலதான் தெரியும். திருத்தும்போது ஒரு நேரத்துல ஒரு டூலோட வரியை மட்டும் தொடுங்க, ஏன்னா ஒரு டிஸ்கிரிப்ஷனை மாத்தினா பக்கத்து டூலுக்கு போற அழைப்புகளும் மாறும், ரெண்டையும் சேத்து மாத்திட்டா எதனால மாறுச்சுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.