நடுவில் மடித்த நோட்டுப் புத்தகம்: 1837ஆம் ஆண்டு வாதத்தோடு நான்கு மாதங்கள்

நான்கு மாதங்களாக அதிகாலையில் ஒரு மணி நேரம், அமெரிக்காவில் 1837, 1838 ஆகிய ஆண்டுகளில் நடந்த ஒரு வாதத்தைப் படித்து வருகிறேன். அடிமை முறையை உடனே ஒழிப்பதா, மெல்ல மெல்லவா என்று தொடங்கிய வாதம் அது. பொதுவில் அதைப் பற்றிப் பேசப் பெண்ணுக்கு உரிமை உண்டா, வேதம் அதற்கு இடம் தருகிறதா என்ற இடத்தில் போய் நின்றது. ஒரு பக்கம் சாரா கிரிம்கே, ஆஞ்செலினா கிரிம்கே என்ற அக்காள் தங்கை. தென் கரோலினாவின் சார்லஸ்டனில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, அதை வெறுத்து வடக்கே வந்து குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தவர்கள். எதிர்ப்பக்கம் கேத்தரின் பீச்சர். 1823இல் ஹார்ட்ஃபோர்டில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர்.

முதல் முயற்சி சரியாக வரவில்லை. பீச்சருக்குப் பதிலாக ஆஞ்செலினா எழுதிய கடிதங்களில் தொடங்கினேன். அவற்றின் வேகம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு வாரம் கழித்துக் குறிப்புகளைப் புரட்டினால் எல்லாம் பாராட்டு. பீச்சர் என்னதான் சொன்னார் என்பதை மறுப்பின் வழியாக மட்டுமே தெரிந்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்புகளை ஒதுக்கிவிட்டுப் புதிய நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தாளையும் நடுவில் மடித்தேன். இடப்பக்கம் பீச்சரின் வாதம், அவரே படித்தாலும் ஒப்புக்கொள்ளும்படி தமிழில். வலப்பக்கம் சகோதரிகளின் பதில். இடப்பக்கம் நிரம்பாமல் வலப்பக்கத்தில் ஓர் எழுத்தும் எழுதுவதில்லை.

இதில்தான் படிப்பு உண்மையில் தொடங்கியது. பீச்சர் 1837இல் எழுதிய கட்டுரை ஆஞ்செலினாவைப் பெயர் சொல்லி அழைத்தே எழுதப்பட்டது. அவர் அடிமை முறையை நியாயப்படுத்தவில்லை. ஒழிப்பு இயக்கத்தின் கடுமை தெற்கத்தியரின் மனத்தை இன்னும் இறுக்கும் என்கிறார். பெண்ணின் வலிமை வீட்டிலும் உறவு வட்டத்திலும் அன்பால் செல்வது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு மனு எழுதுவது அவள் கடமைக்கு முற்றிலும் வெளியே என்கிறார். இதைத் தமிழில் எழுத மூன்று வாரம் ஆயிற்று. எழுத எழுத அந்தக் குரல் எனக்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றியது. நம் வீடுகளில் நல்ல மனம் படைத்த பெரியவர்கள் பேசும் குரல் அது.

பிறகு ஒரு செய்தி என்னை நிறுத்தியது. 1829இல் செரோக்கி முதலான பழங்குடி மக்களை அவர்கள் நிலத்திலிருந்து துரத்தும் திட்டம் எழுந்தபோது, அதற்கு எதிராகக் காங்கிரசுக்கு மனு அனுப்பும்படி பெண்களைக் கேட்டு ஒரு சுற்றறிக்கை வெளிவந்தது. பெயர் போடாமல் அதை எழுதியவர் இதே கேத்தரின் பீச்சர். எட்டே ஆண்டுகளில் இத்தனை தூரமா! மனம் மாறியவர் என்று ஒரு வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. அத்தனை மனுக்களையும் தாண்டி 1830இல் அந்த வெளியேற்றச் சட்டம் நிறைவேறியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஒழிப்புக் கூட்டங்களைக் கும்பல்கள் தாக்கின. இரண்டையும் பார்த்து அவர் அஞ்சியிருப்பார் என்பது என் எண்ணம். வலப்பக்கத்தில் இதற்கு ஆஞ்செலினாவின் பதில் சுருக்கமாக இருக்கிறது: வாக்கு இல்லாத பெண்ணுக்கு இருக்கும் ஒரே அரசியல் உரிமை மனு, அதையும் விடச் சொல்கிறீர்களா?

1837இலேயே மாசசூசெட்ஸ் மாநிலத் திருச்சபைப் போதகர்கள் சேர்ந்து வெளியிட்ட மடலை ஒரே காலையில் மொழிபெயர்த்துவிட்டேன். பெண் கொழுகொம்பைப் பற்றிப் படரும் கொடி, அவள் மரத்தைப் போலத் தனித்து நிற்க முயன்றால் கனி தருவதை நிறுத்துவதோடு அவமானப்பட்டு மண்ணில் விழுவாள் என்கிறது மடல். தமிழில் அது கொஞ்சமும் முரண்டு பிடிக்கவில்லை. கொடி, கொழுகொம்பு என்று எல்லாச் சொல்லும் தயாராகக் காத்திருந்தன. கொடி போன்றவள் என்று பெண்ணைப் பாடிப் பாடிப் பழகிய மொழி நம்முடையது. அன்று எனக்கு மனம் கனத்துவிட்டது.

ஆனால் அதே தமிழ்தான் இந்த நான்கு மாதங்களின் பெரிய மகிழ்ச்சியையும் தந்தது. சாரா தம் கடிதங்களில் ஆதியாகமம் 3ஆம் அதிகாரம் 16ஆம் வசனத்தை எடுத்துக்கொள்கிறார். கணவன் மனைவியை ஆள்வான் என்ற சொல் கட்டளை அல்ல, இனி நடக்கப்போவதைச் சொல்லும் முன்னறிவிப்பு என்கிறார். எபிரேய மொழியில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான், மனைவியை அதிகாரம் செய்தே பழகிய ஆண்கள் மொழிபெயர்த்ததால் ஆங்கிலத்தில் அது கட்டளை ஆகிவிட்டது என்பது அவர் வாதம். உடனே பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்தேன். "அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்" என்று இருக்கிறது. வெறும் எதிர்காலம். "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்று முதல் அதிகாரத்தில் கட்டளைக்குத் தனி வடிவம் வைத்திருக்கும் அதே மொழிபெயர்ப்பு, இங்கே "ஆண்டுகொள்ளக்கடவன்" என்று எழுதவில்லை. அதே வசனத்தில் சற்று முன்னால் வரும் "வேதனையோடே பிள்ளை பெறுவாய்" என்பதையும் பார்த்தேன். பிரசவ வலியைக் குறைப்பது கட்டளை மீறல் என்று நாம் யாரும் நினைப்பதில்லையே. சாராவின் பக்கத்தில் இதை எழுதும்போது கை நடுங்கியது. எபிரேயம் தெரியாத நான் இதைத் தீர்ப்பாகச் சொல்ல முடியாது. ஆனாலும் பாஸ்டனுக்கு எழுதிய ஒரு கடிதத்துக்கு என் வீட்டு அலமாரியில் இருந்த புத்தகம் பதில் சொன்னது.

இப்போது உரைகளை வாய்விட்டுப் படிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். 1838 பிப்ரவரியில், அடிமை முறைக்கு எதிரான மனுக்களில் கையெழுத்திட்ட 20,000 பெண்களின் சார்பில் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன் ஆஞ்செலினா பேசினார். அதை முடித்துவிட்டேன். அடுத்தது அதே ஆண்டு மே 16 அன்று பிலடெல்பியாவின் பென்சில்வேனியா மண்டபத்தில் பேசியது. அச்சில் வந்த உரையின் நடுவே, ஜன்னல்கள் மீது கல் விழுந்ததும் வெளியே எழுந்த கூச்சலும் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவர் அந்தச் சத்தத்தையே எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்கிறார். மறுநாள் இரவு அந்த மண்டபம் எரிக்கப்பட்டது. திறந்து நான்கு நாள்கூட ஆகவில்லை.

இரண்டு முறை படிக்க முயன்றேன். இரண்டு முறையும் முதல் கல் விழும் வரியில் நின்றுவிட்டேன். நாளைக் காலை மறுபடி தொடக்கத்திலிருந்து படிக்கப் போகிறேன்.