திருத்தியவர் யார் என்பதை இணைப்பிலேயே வைத்தல்

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் கொள்முதல் கணக்கை போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பராமரிக்கிறேன். தோத்தாபுரி மாம்பழத்தின் விலையைத் திருத்தியவரின் பெயரை ட்ரிகர் (தரவு மாறும்போது தானாக இயங்கும் நிரல்) பதிவுசெய்ய வேண்டும்; ஆனால் செயலி எல்லோருக்கும் ஒரே தரவுத்தளப் பயனராகவே நுழைவதால், உண்மையான ஆளை, தரவுத்தளத்துடனான அந்த இணைப்பிலேயே குறித்துவைக்க வேண்டியிருக்கிறது. இதற்குத் தற்காலிக அட்டவணை வீண்சுமை என்பது என் கருத்து.

செட்_கான்ஃபிக் என்ற செயற்கூறின் மூலம் 'ஆப்.யூசர்' என்பதுபோல் நடுவே புள்ளியுள்ள பெயரில் மதிப்பை வைத்தால், கரண்ட்_செட்டிங் என்ற செயற்கூறு வழியாக ட்ரிகர் அதைப் படித்துக்கொள்ளும். செட்_கான்ஃபிக்கின் மூன்றாவது மதிப்பாக 'ட்ரூ' கொடுப்பதை மிகவும் வலியுறுத்துவேன்: அப்போது குறிப்பு அந்தப் பரிவர்த்தனையோடு (ஒன்றாக நிறைவேறும் கட்டளைத் தொகுதியோடு) நீங்கிவிடும். 'ஃபால்ஸ்' என்றால் இணைப்பு உள்ளவரை நிற்கும்; இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்சர் அதே இணைப்பை அடுத்த பரிவர்த்தனைக்கு வேறொரு எழுத்தரிடம் தரும்போது, அவருடைய திருத்தம் முன்னவர் பெயரில் பதிவாகிவிடக்கூடும். இன்னொன்று: அதே இணைப்பில் ஒருமுறை வைத்து நீங்கிய குறிப்பைக் கேட்டால், 'நல்' (மதிப்பே இல்லை என்ற குறி) வராமல் வெற்று உரையே வரும்; ஆகவே ட்ரிகர் இரண்டையும் மறுக்க வேண்டும்.