முன்பாதத்தில் ஒரு ஸ்டீராய்டு ஊசி: நாட்குறிப்பு

பிப்ரவரி 9

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. வலது காலில் நடுவிரலுக்கும் நான்காம் விரலுக்கும் நடுவே போகும் நரம்பு தடித்திருக்கிறது. மார்ட்டன் நியூரோமா என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெயரைப் படித்ததும் அக்கா பயந்துவிட்டாள். புற்றுநோயோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பாத எலும்புகளின் முன்தலைகளை ஒரு தசைநார் குறுக்கே பிணைத்து வைத்திருக்கிறது. விரல்களுக்குப் போகும் நரம்பு அதற்குக் கீழே நுழைந்து செல்கிறது. ஒவ்வொரு அடியிலும் அங்கே நெரிபட்டு நெரிபட்டு, நரம்பைச் சுற்றி நார்த்திசு வளர்ந்துவிடுகிறது. முனை குறுகிய ஷூவும் உயரமான குதிகாலும் அந்த நெரிசலைக் கூட்டுகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாம். தாமஸ் மார்ட்டன் இந்த வலியைப் பற்றி எழுதியது 1876ல். அத்தனை பழைய தொல்லை.

ஸ்கேனுக்கு முன்பே மருத்துவர் கையாலேயே கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். முன்பாதத்தை இருபக்கமும் பிடித்து அழுத்தியபடி, விரல் இடுக்கில் கட்டைவிரலால் அமுக்கினார். உள்ளே ‘டக்’ என்று ஏதோ நழுவியது, அதோடு வலி இரண்டு விரல்களின் நுனி வரை பாய்ந்தது. இந்த வலியோடு நடப்பவர்களுக்குத் தெரியும்: ஷூவுக்குள் ஒரு கூழாங்கல் கிடப்பது போலவே இருக்கும், கழற்றி உதறினால் ஒன்றும் விழாது.

மார்ச் 2

ஊசிக்கு முன்னால் ஷூவை மாற்றச் சொல்லியிருந்தார். முன்பக்கம் அகலமானது, தட்டையானது, அடிப்பாகம் தடித்தது. உள்ளே சிறு திண்டு ஒன்றும் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே வரக்கூடாது, அதற்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். அப்போதுதான் எலும்புகள் கொஞ்சம் விலகி நரம்புக்கு இடம் கிடைக்கும். இதில் வலி பாதிக்குப் பாதி குறைந்தது உண்மை. ஆனால் நீண்ட தூரம் நடந்தால் விரல்கள் மரத்துப்போவது நிற்கவில்லை. சரி, ஊசி போட்டுக்கொள்வோம் என்று முடிவு செய்தாயிற்று.

“ஸ்டீராய்டா? உடம்பு ஊதிடும்னு சொல்வாங்களே?” என்றாள் அக்கா. மாதக்கணக்கில் மாத்திரையாகச் சாப்பிடுவது வேறு, ஒரே இடத்தில் சிறு அளவு ஊசியாகப் போடுவது வேறு. தசை வளர்க்கப் போடுகிறார்களே, அந்த மருந்தும் இது இல்லை. நரம்பைச் சுற்றியுள்ள அழற்சியையும் வீக்கத்தையும் தணிப்பதுதான் இதன் வேலை. ஆனாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும். அதனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறலாம், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருப்பவர்களும் அப்படியே.

மார்ச் 16

இன்று ஊசி. உள்ளங்காலில் குத்துவார்கள் என்று நினைத்து இரவெல்லாம் கலங்கியவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன். ஊசி இறங்கியது பாதத்தின் மேல்பக்கத்தில், இரண்டு எலும்புகளுக்கு இடையில். உள்ளங்கால் தோல் தடிமனானது, வலியும் அதிகம், அதனால் பெரும்பாலும் மேலிருந்துதான் போடுகிறார்கள். அல்ட்ராசவுண்ட் கருவியைப் பாதத்தில் வைத்து, திரையில் ஊசிமுனை நகர்வதைப் பார்த்துக்கொண்டே செலுத்தினார்.

மருந்து மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, 40 மில்லிகிராம், கூடவே மரத்துப்போவதற்கு லிடோகெயின். தோலில் இறங்கும்போது சுருக்கென்றது. மருந்து உள்ளே பரவியபோது விரல் இடுக்கில் ஒரு அழுத்தம், கண்ணை மூடிப் பல்லைக் கடிக்கும்படியான அழுத்தம். அவ்வளவுதான், சட்டென்று முடிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் உட்காரவைத்து, பிறகு நடக்கச் சொன்னார். வலி சுத்தமாக இல்லை! அது ஸ்டீராய்டின் வேலை அல்ல, லிடோகெயினின் வேலை, சில மணி நேரத்தில் போய்விடும் என்றார். ஆனால் வலி அப்படி ஓய்ந்ததற்கும் ஒரு பொருள் உண்டு. மரத்த உடனே வலி நின்றால், வலி கிளம்பும் இடம் அதுதான் என்று ஓரளவு உறுதியாகிறது. விரல்கள் மரத்திருக்கும்போது வண்டி ஓட்டக்கூடாது. அக்கா வந்து அழைத்துப்போனாள்.

மார்ச் 17

வலி முன்னைவிட அதிகம். இது நடக்கலாம், ஓரிரு நாளில் அடங்கும் என்று சொல்லியிருந்ததால் பதறவில்லை. துணியில் சுற்றிய ஐஸ், காலை உயர்த்தி ஓய்வு. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் சிவப்பு, சூடு இருந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை.

மார்ச் 27

இந்த வாரம்தான் மருந்து வேலை செய்வது தெரிகிறது. நடக்கும்போது கால் நினைவுக்கே வரவில்லை. ஊசி போட்டதும் பலன் இல்லையே என்று மறுநாளே சோர்ந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டுக்குச் சில நாட்கள், சிலருக்கு ஓரிரு வாரம்கூட ஆகும்.

வலி இல்லை என்பதற்காகப் பழைய ஷூவுக்குத் திரும்பவில்லை, திரும்பவும் மாட்டேன். தடித்த நரம்பை ஊசி மெல்லியதாக்கிவிடுவதில்லை, அதன் சீற்றத்தைத்தான் தணிக்கிறது. நெரிசல் அப்படியே இருந்தால் வலி வேகமாகத் திரும்பும்.

மே 11

நன்றாகவே இருக்கிறேன். 2013ல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 131 பேரில் ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும், மற்றவர்களுக்கு மரப்பு மருந்து மட்டும். மூன்று மாதம் கழித்தும் ஸ்டீராய்டு போட்டவர்கள் மேலாக இருந்தார்கள். எல்லோருக்கும் அப்படி என்று இல்லை. நரம்பு பெரிதாகத் தடித்திருந்தால் பலன் குறைவு என்றும் மருத்துவர் சொல்கிறார்.

ஜூலை 6

நீண்ட நடைக்குப் பின் அந்த மரப்பு மெல்லத் தலைகாட்டுகிறது. பழைய அளவுக்கு இல்லை. இன்னொரு ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். ஆனால் வலிக்கும்போதெல்லாம் போட்டுக்கொண்டே இருக்க முடியாது. முன்பாதத்தின் அடியில் நம் எடையைத் தாங்கும் கொழுப்பு மெத்தை கரையலாம். விரல் மூட்டைச் சுற்றியுள்ள உறை நலிந்து விரல் ஒருபக்கம் சாயலாம். ஊசி இறங்கிய இடத்தில் தோல் வெளுக்கலாம். கரைந்த மெத்தையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். இதைத்தான் எல்லோரும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அறுவை சிகிச்சையில் தடித்த நரம்பை வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்த இரண்டு விரல்களின் இடுக்கு நிரந்தரமாக மரத்துவிடும். சிலருக்கு வெட்டிய முனையிலேயே மீண்டும் வலி கிளம்புவதும் உண்டு. அதனால் அவசரப்படவில்லை. ஆகஸ்டில் மறுபடி ஸ்கேன் எடுத்து, தடிப்பு கூடாமல் இருந்தால் இரண்டாவது ஊசி. அதுவும் பலிக்காவிட்டால் மூன்றாவதைக் கேட்கப்போவதில்லை, அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்று மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன்.